முதுகு வரையப்படாத பெண்

பூவலிங்கபுரத்துக்காரர்களுக்குத் தங்கள் ஊரைப் பற்றி ஒரே ஒரு பெருமைதான் உண்டு. குடிக்கிற தண்ணீர் உவர்ப்பு, பேருந்துக்கு மனம் இருந்தால் நிற்கும் இல்லாவிட்டால் புழுதியைக் கிளப்பிவிட்டுப் போகும், பஞ்சாலையை மூடி அதன் வாசலில் ஆவாரஞ்செடி ஆளுயரம் வளர்ந்துவிட்டது, ஆனாலும் நாலு பேர் கூடி ஒரு கதையை வளர்ப்பதென்றால் எங்களை அடித்துக்கொள்ள எந்த ஊரால் முடியும் என்று கேட்பார்கள், கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திராமல் அடுத்த கதையைத் தொடங்கியும்விடுவார்கள். கிளை நூலகத்தின் நூலகர் ஆவுடைநாயகிக்கு இந்தப் பெருமையைக் கேட்கும்போதெல்லாம் புளியங்காயைக் கடித்ததுபோலப் பல் கூசும், ஏனென்றால் அந்த ஊர் வளர்த்த கதைகளிலேயே நீளமானது அவளைப் பற்றியது.

நடந்தது மிகச் சின்ன விஷயம். இளவயதில் அவளைப் பெண் பார்க்க வந்தவன் காப்பியை உறிஞ்சிக்கொண்டே, கல்யாணத்துக்குப் பிறகு வேலையை விட்டுவிட வேண்டியிருக்கும் என்றான். அவள் வேலையை வைத்துக்கொண்டு அவனை விட்டுவிட்டாள். இவ்வளவு சப்பென்ற ஒன்றை ஊர் எப்படி விழுங்கும்? முதலில் மாப்பிள்ளைக்கு உடம்பு சரியில்லை என்றார்கள், அடுத்த மழைக்காலத்தில் அவனை லாரி அடித்தது, அதற்கடுத்த வருஷம் அவன் சாகும்போது ஆவுடையின் பெயரைச் சொல்லிக்கொண்டே செத்தான், பிறகு அவள் அவன் நினைவாகவே கன்னியாக இருக்கிறாள் என்று ஆகிவிட்டது. அவனோ கோயம்புத்தூரில் பெயிண்டுக்கடை வைத்து, தொப்பை போட்டு, பெண்களைக் கட்டிக்கொடுத்துச் சௌக்கியமாக இருந்தான். ஆரம்பத்தில் அவள் மறுத்துப் பார்த்தாள். மறுக்க மறுக்க, பாவம் துக்கத்தை மறைக்கிறாள் என்று கதைக்கு இன்னொரு கிளை முளைத்தது. கடைசியில் அவளைப் பெற்றவளே சாகக் கிடந்தபோது அவள் கையைப் பிடித்துக்கொண்டு, அந்தப் பையன் உயிரோடு இருந்திருந்தால் என்று அழுதாள். அன்றோடு ஆவுடை மறுப்பதை விட்டுவிட்டாள்.

படம் வந்தது இப்படி. நூலகத்துக்கு வருஷா வருஷம் வரும் புத்தகக் கட்டுகளோடு, யாரும் கேட்காமல், கதவளவு உயரத்தில் சட்டம் போட்ட ஒரு படமும் வந்து இறங்கியது. வரைந்தவர் பெயர் இல்லை. சட்டத்தின் பின்புறத்தில், இந்தப் படத்தைப் பார்த்துப் பலரும் சேர்ந்து ஒரு கதை சொல்லுங்கள், கற்பனை வளரும் என்று மட்டும் அச்சடித்து ஒட்டியிருந்தது. படத்தில் ஒரு சின்ன ரயில் நிலையம், ஒரு சிமெண்டு பெஞ்சு, பெஞ்சில் பச்சைச் சேலை கட்டிய ஒரு பெண், அவள் காலடியில் தகரப் பெட்டி, பெட்டியை முகர்ந்தபடி ஒரு கறுப்பு ஆடு. அவள் எங்கோ பார்த்துக்கொண்டிருந்தாள். ஆவுடை அதைச் செய்தித்தாள் மேஜைக்கு மேலே மாட்டினாள், மாட்டும்போதே, இந்தப் பெண்ணை இவர்கள் என்ன பாடு படுத்தப்போகிறார்களோ என்று நினைத்துக்கொண்டாள்.

ஊரில் கதைவளர் மன்றம் என்று ஒன்று இருந்தது. அதற்குத் தலைவர், ஓய்வுபெற்ற தமிழாசிரியர் புலவர் குற்றாலிங்கம். தாயின் பெருமை என்ற தலைப்பில் அவர் பேசாத கல்யாண மண்டபம் அந்தச் சுற்றுவட்டாரத்தில் கிடையாது. மேடைதோறும் அவருக்குப் போர்த்திய பொன்னாடைகள் பீரோவில் இடமில்லாமல் போய், அவர் மனைவி அவற்றைத் தலையணை உறையாகத் தைத்துக்கொண்டாள். மன்றத்தின் செயலாளர் மருந்துக்கடை தேவசகாயம். அவருக்குக் கதை வராது, ஆனால் தலைவர் சொல்வதற்கெல்லாம் தலையாட்ட வரும், மன்றத்துக்கு அது போதுமானதாக இருந்தது. இவர்கள் தலைமையில் ஞாயிற்றுக்கிழமை காலைகளில் ஊர் நூலகத்தில் கூடியது. ஒருவர் விட்ட இடத்திலிருந்து அடுத்தவர் தொடர வேண்டும் என்பது ஏற்பாடு.

முதல் கூட்டத்தில் ஆட்டோ ஓட்டும் மாசானம், கைதூக்கி, இந்தம்மா ஆட்டைத் திருடிக்கிட்டுப் போகுதோ என்னமோ என்றான். அப்போது படத்திலிருந்த பெண்ணின் உதட்டோரம் லேசாக அசைந்ததை ஆவுடை பார்த்தாள். புலவர் பார்க்கவில்லை. அவர் மாசானத்தை உட்காரச் சொல்லி, பெண்மையை இழிவுபடுத்தும் கற்பனைக்கு மன்றத்தில் இடமில்லை என்று அறிவித்துவிட்டு, தாமே கதையைத் தொடங்கினார். அவள் பெயர் கற்பகச்செல்வி. பட்டாளத்துக்குப் போன கணவனுக்காகக் காத்திருக்கிறாள். அவ்வளவுதான், மடை திறந்துகொண்டது. தேவசகாயம் அவளைப் பட்டினி போட்டார், ஒருத்தி அவள் மாமியாருக்கு வாதம் வரவழைத்து அவளைக் கால் பிடிக்க வைத்தாள், இன்னொருவர் பக்கத்து ஊர்ப் பண்ணையாரை ஏவி அவள் கற்பைச் சோதித்தார், எல்லாவற்றையும் அவள் பொறுத்துக்கொண்டாள், பொறுத்தாள், மேலும் பொறுத்தாள், ஒவ்வொரு ஞாயிறும் பொறுப்பதற்கு அவளுக்குப் புதிதாக ஒன்று கொடுத்துவிட்டு ஊர் மத்தியானச் சாப்பாட்டுக்குப் போனது.

சில வாரங்களில் ஆடு கூட்டத்துக்குப் பின்புறத்தைக் காட்டித் திரும்பி நின்றுகொண்டது. காகிதம் ஈரத்தில் நெளியும் என்றார் தேவசகாயம். பிறகு அந்தப் பெண் கொட்டாவி விட்டாள், எல்லோரும் பார்க்கும்படி வாயை அகலத் திறந்து விட்டாள். காத்திருப்பின் களைப்பு, என்ன உயிரோட்டம் பார்த்தீர்களா என்று புலவர் கண் கலங்கினார், கூட்டம் கைதட்டியது.

கதை முடியும் ஞாயிறன்று புலவர் புதுப் பொன்னாடையோடு வந்தார். கணவன் ரயிலில் வந்து இறங்குகிறான், கூடவே இன்னொரு மனைவியும் அவள் இடுப்பில் குழந்தையுமாக இறங்குகிறான், கற்பகச்செல்வி ஒரு சொல்லும் சொல்லாமல் இருவருக்கும் வாழை இலை போட்டுச் சோறு பரிமாறிவிட்டு, மிச்சம் இருந்ததைத் தின்று, அடுப்படியில் படுத்துக்கொள்கிறாள், அதுவே பெண்மை என்று அவர் குரலைத் தழுதழுக்கவிட்டார். கூட்டத்தில் பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைத்தார்கள். அப்போது பச்சைச் சேலைக்காரி எழுந்து, தகரப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு, ஒரு காலைச் சட்டத்துக்கு வெளியே வைத்து, செய்தித்தாள் மேஜைமேல் இறங்கி, அங்கிருந்து தரைக்கு வந்தாள். பின்னாலேயே ஆடு குதித்து, அன்றைய தலையங்கத்தைத் தின்னத் தொடங்கியது.

"நீங்க பேசி முடிக்கட்டும்னுதான் பல்லைக் கடிச்சுக்கிட்டு இருந்தேன்" என்றாள் அவள். "முடியலை."

ஊர் ஆச்சரியப்படவில்லை. வீட்டுக்கு வந்தவளுக்கு முதலில் டீ வாங்கிக் கொடுக்க வேண்டும் என்று அதற்குத் தெரிந்திருந்தது, அதற்கடுத்து என்ன சாதி என்று கேட்க வேண்டும் என்றும் தெரிந்திருந்தது. அவள் டீயைக் குடித்துவிட்டு இன்னொன்று கேட்டாள், சாதி தெரியாது, வரைந்தவர் சொல்லவில்லை என்றாள். பெண்கள் கழுத்தைப் பார்த்தார்கள், தாலி இல்லை. படத்தில் முந்தானை மறைத்திருந்ததால் இத்தனை வாரமும் அது யாருக்கும் தெரியாமல் போயிருந்தது. பட்டாளத்துக் கணவனை ஒரு ஊரே சேர்ந்து உருவாக்கியிருக்க, இப்படி வெறுங்கழுத்தோடு வந்து நிற்கிறாளே என்று முணுமுணுப்பு கிளம்ப, அவள் மணமானவளாகவே கருதப்படுவாள் என்று மன்றம் அங்கேயே ஒரு தீர்மானம் போட்டு மானத்தைக் காப்பாற்றியது. பிறகு அவள் திரும்பினாள். அவளுக்கு முதுகு வரையப்பட்டிருக்கவில்லை. பின்னந்தலையிலிருந்து குதிகால் வரை வெறும் வெள்ளையாக, எழுதாத தாள்போல இருந்தாள். ஆட்டுக்கும் ஒரு பக்கம் கறுப்பு, மறுபக்கம் ஒன்றுமில்லாத வெள்ளை. வெற்று வெள்ளை முதுகு அம்மணத்தில் சேருமா சேராதா என்று ஒரு மணி நேரத்துக்கும் மேலாக வாதாடி, சேரும் என்று முடிவெடுத்து, அவளுக்கு ஒரு துண்டு போர்த்தினார்கள். ஆட்டை அப்படியே விட்டுவிட்டார்கள்.

அவளை எங்கே தங்கவைப்பது என்ற கேள்விக்கு ஊர் நொடியில் விடை கண்டுபிடித்தது. காத்திருப்பவள் காத்திருப்பவளோடு இருப்பதுதானே பொருத்தம் என்று எல்லோரும் ஆவுடையைப் பார்த்து உருகினார்கள். ஆவுடை தகரப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தாள்.

அவள் வாழ்க்கையில் அத்தனை சந்தோஷமான மாதங்கள் அதற்கு முன்னால் இருந்ததில்லை. வந்தவள் நன்றாகச் சாப்பிட்டாள், புளியோதரை என்றால் சட்டியை வழித்தாள், சினிமாப் பாட்டை வார்த்தை தப்பாகப் பாடினாள், ஆவுடையை அக்கா என்று கூப்பிட்டாள். பெயர் வைக்கட்டுமா என்று ஆவுடை கேட்டபோது வேண்டாம் என்றாள். பேர் வைத்தால் உடனே கதை ஆரம்பித்துவிடும் என்றாள். முன்பக்கத்தை மட்டுமே பார்த்துப் பிறந்தவள் என்பதால், பொருள்களுக்குப் பின்பக்கம் உண்டு என்பதுதான் அவளுக்குப் பெரிய அதிசயம். கண்ணாடியைத் திருப்பிப் பார்த்தாள், அலமாரியை நகர்த்திப் பார்த்தாள், வேப்பமரத்தைச் சுற்றிப் போய் அந்தப் பக்கமும் மரமாகவே இருப்பதைக் கண்டு வெகுநேரம் நின்றாள். வீட்டில் பார்க்க ஒன்றும் மிச்சமில்லாமல் போனதும் ஆட்டோடு தெருவில் இறங்கினாள், பார்த்ததைப் பார்த்தபடி, யார் கேட்டாலும், காய்கறிக்கடையில் நின்று சாவகாசமாகச் சொன்னாள்.

ஊருக்கு அவளைப் பிடிக்காமல் போனது அப்போதுதான். மருந்துக்கடைக்குப் பின்னால் தேவசகாயம் உட்கார்ந்து பழைய மாத்திரை அட்டைகளில் தேதியைச் சுரண்டிப் புதுத் தேதி ஒட்டுகிறார் என்றாள். இரண்டு வருஷமாகப் பூட்டியிருக்கும் பொதுக் கழிப்பறைக்குப் பின்னால் போய்ப் பார்த்துவிட்டு, முன்சுவர் மட்டும்தான் கட்டியிருக்கிறது, பின்னால் கருவேல மரம் நிற்கிறது என்றாள். கடைசியாகப் புலவர் வீட்டுக்குப் பின்னால் போனாள். மாட்டுத் தொழுவத்தில், கன்றுக்குட்டிக்குப் பக்கத்தில், சாக்கை விரித்து அவரைப் பெற்ற தாயைக் கிடத்தியிருந்தார்கள். ஈ மொய்க்கிற ஒரு தட்டில் காலைச் சோறு அப்படியே இருந்தது. அவள் கிழவிக்குச் சோற்றைப் பிசைந்து ஊட்டிவிட்டு, வாயைத் துடைத்துவிட்டு, நேரே காய்கறிக்கடைக்கு வந்தாள்.

இதில் எதுவும் ஊருக்குத் தெரியாததல்ல. எல்லோருக்கும் தெரியும், எல்லோருக்கும் தெரியும் என்பதும் எல்லோருக்கும் தெரியும், ஆனால் ஒன்றைத் தெரிந்துவைத்திருப்பது வேறு, அது தக்காளி வாங்கும் இடத்தில் காதில் விழுவது வேறு. வாயில்லாதவளாகக் கற்பனை செய்தோம், இப்படி வாயாடியாக வந்துவிட்டாளே என்று வருந்தினார்கள். தேவசகாயம், படத்திலிருந்து வந்தவள் சொல்வது கற்பனைதானே, சாட்சியாகுமா என்று ஊருக்கு ஒரு வழி காட்டினார். புலவர் அவரைவிடப் பெரிய வழி காட்டினார்.

மன்றத்தின் ஆண்டுவிழா நெருங்கிக்கொண்டிருந்தது. ஊர் கூடிக் கதை வளர்க்கும் அழகைப் பார்க்க வெளியூரிலிருந்து ஒரு பட்டிமன்றப் பேச்சாளர் வருவதாக இருந்தது. வெறும் பெஞ்சைக் காட்டி என்ன கதை வளர்ப்பது? ஆகவே, கற்பகச்செல்வி படத்துக்கே திரும்ப வேண்டும். அவள் ஏன் இறங்கினாள்? முதுகு வெறுமையாக இருந்ததால்தான், தான் யாரென்று அவளுக்குத் தெரியாமல் போயிற்று. ஆகவே, விழா மேடையில், சிறப்பு விருந்தினர் கையால், அவள் முதுகில் கதையின் முடிவை நல்ல தமிழில் எழுதி, அவளை மரியாதையோடு உள்ளே அனுப்பிவைப்பது. தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. அழியாத மை வாங்கும் பொறுப்பைத் தேவசகாயம் ஏற்றுக்கொண்டார்.

ஆவுடை வீட்டுக்கு வந்து இதைச் சொன்னபோது அவள் சிரித்துத் தள்ளிவிடுவாள் என்றுதான் எதிர்பார்த்தாள். பச்சைச் சேலைக்காரி சிரிக்கவில்லை. கையிலிருந்த முறுக்கைக் கீழே வைத்தாள்.

"அக்கா, உங்களைப் பத்தி எவ்வளவு எழுதினாலும் நீங்க நீங்கதான். எனக்கு அப்படி இல்லை. என் மேல என்ன இருக்கோ அதுதான் நான். எழுதிட்டாங்கன்னா, ரெண்டு பேருக்கும் சோறு போட்டுட்டு அடுப்படியில போய்ப் படுத்துக்கிடுவேன். அதை நல்லதுன்னும் நெனச்சுக்கிடுவேன்."

எவ்வளவு எழுதினாலும் நீங்கள் நீங்கள்தான் என்ற வார்த்தை அன்று முழுவதும் ஆவுடையை உறுத்தியது, ஏனென்றால் அது உண்மைதானா என்று அவளுக்கே தெரியவில்லை. யாராவது இரக்கத்தோடு பார்த்தால் தானும் தலையைக் குனிந்துகொள்ளக் கற்றுக்கொண்டிருந்தாள். கண்ணைப் பறிக்கும் நிறத்தில் சேலை எடுப்பதை எப்போதோ நிறுத்தியிருந்தாள். செத்துப்போகாத ஒருவனுக்காகத் தன் முதுகில் அவர்கள் எழுதியது, தனக்குத் தெரியாமலே முன்பக்கத்துக்கும் ஊறிவந்துவிட்டது என்று அவளுக்குப் பட்டது, பட்டதும் கோபம் வந்தது, ஊர்மேல் வந்ததில் பாதி தன்மேலும் வந்தது.

மறுநாள் மன்றத்தில் போய் நின்றாள். அவளை அனுப்ப முடியாது என்றாள். புலவர் அதற்காகவே காத்திருந்தவர்போல மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பெஞ்சு காலியாக இருக்கக் கூடாது என்பதுதான் மன்றத்தின் கவலை, யார் உட்கார்ந்தாலும் சரி, காத்திருப்பதில் கைதேர்ந்த ஒருவர் நம்மிடையே இருக்கும்போது படத்துப் பெண்ணைத் தொந்தரவு செய்வானேன் என்றார். கூட்டம் மெல்ல ஆவுடையின் பக்கம் திரும்பியது. அவர்கள் முகத்தில் கெட்ட எண்ணம் துளியும் இல்லை, பாசம்தான் வழிந்தது, அதுதான் அவளைப் பயமுறுத்தியது.

"அவர் சாகலை" என்றாள் ஆவுடை. "நான்தான் வேண்டாம்னு சொன்னேன். கோயம்புத்தூர்ல பெயிண்டுக்கடை வச்சிருக்காரு. பேரன் பேத்தி எடுத்துட்டாரு. நான் யாருக்காகவும் காத்திருக்கலை. எனக்கு அந்த ஆளைப் பிடிக்கலை, அவ்வளவுதான்."

முன்வரிசையில் ஒருத்தி விசும்பினாள். இத்தனை வருஷ துக்கம் பாவம் மூளையைத் தொட்டுவிட்டதே என்றாள். அது அப்படியே வரிசை வரிசையாகப் பரவி, சுவரோரம் நின்ற மாசானத்தைத் தவிர மொத்தக் கூட்டமும் அழுதது, பூவலிங்கபுரம் அந்த வருஷத்தில் அவ்வளவு திருப்தியாக அழுதது அன்றைக்குத்தான், தேவசகாயம் அழுதுகொண்டே அடுத்த ஞாயிற்றுக்கான கதையை அங்கிருந்து தொடங்கலாம் என்று குறித்துக்கொண்டார். உண்மையைச் சொல்லியும் பலனில்லை என்று ஆவுடைக்கு அப்போது உறைத்தது. இவர்களுக்குத் தேவை பெஞ்சில் ஓர் ஆள். ஆளைக் கொடுத்துவிட்டால் போயிற்று.

ஆண்டுவிழா அன்று காலை அவள் தன் பெட்டியின் அடியிலிருந்து ஒரு பழைய மஞ்சள் சேலையை எடுத்துக் கட்டிக்கொண்டாள், பச்சைச் சேலைக்காரியைக் கூட்டிக்கொண்டு நூலகத்துக்குப் போனாள். வாழை மரம் கட்டி, ஒலிபெருக்கி அலற, ஊரே வந்திருந்தது. பட்டிமன்றப் பேச்சாளர் எதற்கெடுத்தாலும் சிரித்தார். மேஜைமேல் மைப்புட்டியும் தூரிகையும் தட்டில் சந்தனம் குங்குமத்தோடு தயாராக இருந்தன. பச்சைச் சேலைக்காரி ஆட்டுக்கயிற்றை இறுகப் பிடித்துக்கொண்டு, முதுகைச் சுவரோடு சேர்த்து நின்றாள்.

புலவர் தம் பேச்சில் பொறுமைக்கு இலக்கணம் சொல்லி முடித்ததும், ஆவுடை எழுந்து ஒலிபெருக்கியை வாங்கினாள். மன்றத்தின் முடிவுக்குக் கட்டுப்படுவதாகச் சொன்னாள். கூட்டம் கைதட்டியது. ஆனால் எனக்கு ஒரு குறை என்று தொடர்ந்தாள். அந்த பெஞ்சில் எப்படி உட்கார வேண்டும், முகத்தை எப்படி வைத்துக்கொள்ள வேண்டும், உள்ளத்து மேன்மை வெளியே தெரியும்படி எப்படிக் காத்திருக்க வேண்டும் என்பது எங்களுக்குத் தெரியவில்லை. தெரியாமல்தானே இவள் கொட்டாவி விட்டாள். தெரிந்தவர் ஒருவர் ஒரே ஒரு தடவை உட்கார்ந்து காட்டினால் பார்த்துக் கற்றுக்கொள்வோம் என்று சொல்லி, புலவரைப் பார்த்துக் கைகூப்பினாள்.

புலவர் மறுக்கத்தான் வாயெடுத்தார். ஆனால் கூட்டம் அதற்குள் கைதட்டிவிட்டது, பேச்சாளர் ஆகா என்றார். அந்த பெஞ்சை முதல் நாளிலிருந்தே அவர் எப்படிப் பார்த்துவந்தார் என்பதை ஆவுடை கவனித்திருந்தாள். ஒரு ஊர் முழுக்க ஒன்றையே பார்த்துக்கொண்டு, அதைப் பற்றி மட்டுமே பேசிக்கொண்டிருக்கிற இடத்தில், தாம் வெளியே நிற்கிறோமே என்கிற ஏக்கம் அவர் கண்ணில் எப்போதும் இருந்தது. தேவசகாயம் முழங்கையைப் பிடித்துக்கொடுக்க, அவர் நாற்காலியில் ஏறி, மேஜையில் ஏறி, வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சட்டத்துக்குள் கால் வைத்து, பெஞ்சில் அமர்ந்து, பொன்னாடையைச் சரிசெய்து, தண்டவாளம் வளைகிற திசையில் முகவாயை உயர்த்தினார். பார்க்க நன்றாகத்தான் இருந்தது.

உடனே ஊர் ஆரம்பித்துவிட்டது. தேவசகாயம் முதல் வரியை எடுத்தார், தமிழ்த்தாய் ஈன்ற தவப்புதல்வர் என்றார். அடுத்தவர் அவருடைய கொடையைச் சொன்னார், அடுத்தவள் அடக்கத்தைச் சொன்னாள், ஒருவர் அவர் தாய்ப்பாசத்தைச் சொல்லி எல்லோரையும் அழவைத்தார், சொல்லச் சொல்லப் படத்துக்குள் வெயில் பொன்னிறமாக மாறியது, புலவரின் முகத்தில் சுருக்கம் மறைந்தது, தலையில் மயிர் கறுத்தது, அவர் ஒவ்வொரு வரிக்கும் கண்ணை மூடித் தலையை மெல்ல அசைத்தார். கொட்டாவி இல்லை, முகச்சுளிப்பு இல்லை. மத்தியானச் சாப்பாடு ஆறியது. அவர் மனைவி வந்து, இறங்குங்க, சாப்பிட நேரமாச்சு என்று கூப்பிட்டாள். இன்னும் ஒரே ஒருவர் பேசட்டும் என்று அவர் விரலைக் காட்டினார். அவள் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போய், மாமியாரைத் தொழுவத்திலிருந்து தூக்கிவந்து கூடத்துக் கட்டிலில் படுக்கவைத்தாள், புலவருக்கு வைத்திருந்த பாயசத்தை இருவருமாகக் குடித்தார்கள். விழாவின் முடிவில் சிறப்பு விருந்தினர் தமக்குப் போட்ட ரோஜா மாலையைக் கழற்றிப் பெருந்தன்மையோடு படத்தின் சட்டத்தில் மாட்டினார், யாரோ அதற்குக் கீழே ஊதுபத்தி கொளுத்தி வைத்தார்கள். படத்துக்கு மாலை போட்டு ஊதுபத்தியும் வைத்தால் அதற்கு என்ன அர்த்தம் என்று பூவலிங்கபுரத்தில் யாருக்கும் தோன்றவில்லை, உள்ளே இருந்தவருக்கும் தோன்றவில்லை. அவர் இன்றைக்கும் அங்கேதான் இருக்கிறார். ஞாயிற்றுக்கிழமைகளில் ஊர் போய் அவரைப் புகழ்ந்துவிட்டு வருகிறது.

விழாவன்று எல்லோரும் படத்தையே பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில் ஆவுடை நூலகச் சாவியை மேஜைமேல் மைப்புட்டிக்குப் பக்கத்தில் வைத்தாள். வெளியே மாசானம் ஆட்டோவை நிறுத்திக்கொண்டிருந்தான். ஆட்டை எங்கேயிருந்து திருடினீங்க என்று கேட்டான். அடுத்த ஊர் போய்ச் சேருவதற்குள் பச்சைச் சேலைக்காரி அதற்கு ஒரு பதில் சொல்லி முடித்தாள், அதைக் கேட்டு ஆவுடை வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

கடற்கரைப் பக்கத்து ஊர் ஒன்றின் நூலகத்துக்கு மாற்றல் கிடைத்து இருவரும் அங்கே குடியிருந்தார்கள். பூவலிங்கபுரத்தை அவள் திரும்பப் பார்த்தது வெகுகாலம் கழித்து, வேறு எங்கோ போகும்போது, பேருந்து அதிசயமாக அங்கே நின்றதால். டீ குடிக்க இறங்கினாள். சாலையோரம், தூர்ந்த கிணற்றுக்குப் பக்கத்தில், புதிதாகச் சுண்ணாம்பு அடித்த ஒரு சின்னக் கோயில் இருந்தது. உள்ளே ஜோடியாக இரண்டு அம்மன், ஒன்றுக்குப் பச்சைப் பட்டு, மற்றதற்கு வெள்ளை. வாசலில் பூக்காரி உட்கார்ந்திருந்தாள். இது யார் தாயி என்று ஆவுடை கேட்டாள்.

பூக்காரி சொன்னாள். ஆவுடைநாயகி என்று ஒரு உத்தமி இந்த ஊரில் இருந்தாள், லாரியில் அடிபட்டுச் செத்த மாப்பிள்ளையை நினைத்து நினைத்து உருகினாள், படத்திலிருந்து இறங்கிவந்து ஆறுதல் சொன்னவளையும் கூட்டிக்கொண்டு, மாப்பிள்ளை செத்த அதே நாளில், கையோடு கை கோத்து இந்தக் கிணற்றில் விழுந்துவிட்டாள். விழுந்த அன்றைக்கு வானத்தில் மேகமே இல்லாமல் மழை பெய்தது. கல்யாணம் தள்ளிப்போகிற பெண்கள் வெள்ளிக்கிழமை வந்து விளக்குப் போட்டால் கைமேல் பலன். சொல்லும்போதே பூக்காரியின் கண்ணிலிருந்து நிஜமாகவே தண்ணீர் வழிந்தது. கேட்டவர்கள் தங்கள் பங்குக்கு ஒரு வரி சேர்த்துவிட்டுத்தான் போக வேண்டும், அது இங்கே வழக்கம் என்று முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"அவ சாகலை" என்றாள் ஆவுடை. "கடற்கரையில ஒரு வீட்டுல இருக்கா. நல்லா சாப்பிடுதா. ராத்திரி படுத்தா காலைவரைக்கும் தூங்குதா."

பூக்காரி இரண்டு மூன்று தடவை அதை மனதுக்குள் சொல்லிப் பார்த்தாள். அவள் நல்லவள், வந்தவர்களின் மனம் நோகக் கூடாது என்று நினைப்பவள், ஆனாலும் கடைசியில் தலையை ஆட்டினாள்.

"அது சேராதும்மா. கதை கெட்டுப்போகும்."

பேருந்து ஒலி எழுப்பியது. ஆவுடைநாயகி, அம்மனுக்கென்று நெருக்கமாகக் கட்டிவைத்திருந்த மல்லிகையில் ஒரு முழம் வாங்கி, பூக்காரி பதறிப்போய்ப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே தன் தலையில் வைத்துக்கொண்டு, படியேறினாள்.